வீடு தேடிய ஆறு குட்டிகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருகோணமலைக் கடலின் முகம் மாறிவிடும். வாடைக்காற்று வலுத்து அலைகள் கரையை அறையத் தொடங்கியதும், மீனவர்கள் தோணிகளை மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, வலை பொத்தும் வேலையில் அமர்ந்துவிடுவார்கள். அத்தகைய ஒரு மழையிரவில், எங்கள் வளவின் கடற்பக்க வேலியோரம் அயல்வீட்டார் கவிழ்த்து வைத்திருந்த பழைய தோணியின் அடியில், எவருக்கும் சொந்தமில்லாத செந்நிறப் பெட்டை நாயொன்று ஏழு குட்டிகளை ஈன்றது.

விடிந்ததும் அதனைக் கண்டுபிடித்தவர்கள் என் பேரப்பிள்ளைகள் இருவரும். “அம்மப்பா, ஏழு குட்டி!” என்று அவர்கள் கூவிய கூச்சலில் ஆனந்தம் இருந்தது. என் இல்லாளின் முகத்திலோ கவலை தெரிந்தது. என் நெஞ்சில் எழுந்தது ஒரு பழைய நினைவு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

தோணிக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். மழை விடும்வரை தோணியை அசைப்பதில்லை என்று தாமாகவே சொன்னார். ஆயினும் ஊர் வழக்கத்தை ஒட்டி ஓர் ஆலோசனையும் கூறினார். “மாஸ்டர், கண் திறக்கிறதுக்கு முன்னம் சாக்கிலே போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கோ. மீன் தலையைத் தின்று பிழைத்துக்கொள்ளும். கடுவன் இரண்டை மட்டும் வைத்திருங்கோ. அதை யாராவது கேட்பார்கள்.”

இதைக் கேட்டு நான் கோபங்கொள்ளவில்லை. கோபங்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டு நாய் நான்கு குட்டிகள் போட்டது. நான்கும் பெட்டைகள். கேட்பார் எவருமில்லை. ஒருநாள் விடியுமுன் அவற்றை ஒரு மட்டைப் பெட்டியில் வைத்து, சைக்கிளின் பின்புறம் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையோரம் விட்டுவிட்டு, நேரே பள்ளிக்கூடம் சென்று பாடம் நடத்தினேன். மாலையில் அவ்வழியே திரும்பியபோது பெட்டி மழையில் ஊறிக் கிடந்தது. வடிகால் ஓரத்தில் ஒரு குட்டி இறந்து கிடந்தது. மற்ற மூன்றும் என்னவாயின என்று அங்கிருந்தவர்களைக் கேட்க எனக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்தால், பகல் முழுவதும் வளவெல்லாம் தேடியலைந்த தாய் நாய் சைக்கிள் மணியோசை கேட்டுப் படலைக்கு ஓடி வந்தது. பெட்டி கட்டியிருந்த இடத்தை முகர்ந்து பார்த்தது. பின்னர் என்னை நோக்கி வாலைக் குழைத்தது.

நீண்ட நாள் பழகிய பாகனையும் யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் தன் தலைவனைக் கண்டு வால் குழைக்கும் என்னும் கருத்தினை மாணவர்கள் நாலடியாரில் படித்திருப்பார்கள். அச்செய்யுளை வகுப்பிலே நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அன்று மாலையிலேதான்.

ஆகவே இம்முறை சாக்கை எடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆனால், குட்டிகளைச் சந்தையில் விடாமல் கண்டவர் கையில் கொடுத்துவிட்டாலும் பெரும்பாலும் அதே கதிதான். மூன்று மாதம் விளையாட்டுப் பொருளாக இருந்துவிட்டு, வளர்ந்தபின் தெருவுக்கு வரும் நாய்கள் நமது ஊரில் எத்தனை! இரக்கத்தோடு ஏற்பாடும் வேண்டும் என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கு சொல்வது பொருந்தும்.

1959 ஆம் ஆண்டில் அந்நகரில் பெருமழை பெய்த ஒரு நாள், விமானியான காப்டன் சுந்தரம் என்பவர், தெருவில் ஓடிய வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைக் கண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவருடைய மனைவி உஷாவும் பிள்ளைகளும் அவற்றைப் பேணினார்கள். அக்குடும்பத்தின் முயற்சியே ‘இந்திய நீலச் சிலுவை’ என்னும் புளூ கிராஸ் சங்கமாக வளர்ந்தது. தெருவில் கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்ப்பதோடு அச்சங்கத்தார் நின்றுவிடவில்லை. எடுக்க எடுக்கக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும் என்பதை உணர்ந்து, 1964 ஆம் ஆண்டிலிருந்தே நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதுமே வழி என்று வாதிட்டு வந்தார்கள். நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது 1996 ஆம் ஆண்டில்தான். இரண்டு குட்டிகளை வெள்ளத்திலிருந்து எடுக்க ஒரு நொடி போதும். நகரத்தாரை இணங்கச் செய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நம் நாட்டிலும் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2006 ஆம் ஆண்டில் அரசு கொல்லாமைக் கொள்கையை மேற்கொண்டது. 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டார்கள். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துக்களாகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்குப் போடும் தடுப்பூசியும், கடியுண்டவர்களுக்கு உடனே அளிக்கப்படும் சிகிச்சையுமே இதற்குப் பெருங்காரணம். சந்தையில் விடப்படும் குட்டியோ ஊசியும் காணாது, உரிமையாளரையும் காணாது. பிழைத்து வளர்ந்தால் அது கூட்டத்தோடு சேரும். பிரடெரிக் கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உலாவும் புள்ளிமான்கள் நமது நகருக்கு அழகு. பசித்த நாய்க்கூட்டத்துக்கு மான்கன்று அழகாகத் தோன்றுவதில்லை. நாம் செய்யும் பிழைக்கு அந்த வாயில்லா ஜீவன்களும் கூலி கொடுக்கின்றன.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஏழில் ஒன்று முதல் வாரத்திலேயே இறந்துபோயிற்று. எஞ்சிய ஆறில் இரண்டு கடுவன், நான்கு பெட்டை. பிள்ளைகள் ஒரு பழைய கொப்பியை எடுத்து ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். இரண்டாம் வாரத்தில் கண் திறந்ததும், மூன்றாம் வாரத்தில் பல் அரும்பியதும், நான்காம் வாரத்தில் மசித்த சோறும் முள் நீக்கிய மீனும் தின்னத் தொடங்கியதும் அதில் பதிவாயின. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூச்சி மருந்து கொடுத்தோம். தடுப்பூசி போடும் நாளையும் மீண்டும் போடவேண்டிய நாளையும் அட்டையில் குறித்துக்கொண்டோம்.

எட்டு வாரம் நிறையுமுன் எதனையும் கொடுப்பதில்லை என்பது எங்கள் விதி. பால்குடி மறந்தவுடன் குட்டியைப் பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே விளையாட்டு முடிந்து நோவு தொடங்குகிறது என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமுந்தான். அப்பாடம் படியாத குட்டி பின்னர் குழந்தைகளைக் கடிக்கும். கடித்த குற்றத்துக்காகத் தெருவுக்குத் துரத்தப்படும்.

செய்தி பரவியது. தைப்பொங்கலுக்கு முன்னரே கடுவன் குட்டி கேட்டுப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். பெட்டைக் குட்டி கேட்டு ஒருவரும் வரவில்லை. “பெட்டையா? வேண்டாம், ஐயா. ஆண்டுக்கு இரண்டு தடவை தொல்லை” என்பதே எல்லாருடைய பேச்சும். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. நாய் சினைப்படுவது ஏறக்குறைய ஆண்டுக்கு இருமுறை. கருக்காலம் ஒன்பது வாரம். நான்கு பெட்டைகள் ஈற்றுக்கு ஐந்து குட்டி வீதம் போட்டால் ஓராண்டில் நாற்பது. ஆனால் இந்தக் கணக்கை ஒரேயொரு சத்திரசிகிச்சை அழித்துவிடுகிறது. அதனை எடுத்துச் சொல்ல ஆளில்லாமையால் ஆயிரக்கணக்கான பெட்டைக் குட்டிகள், பெட்டையாய்ப் பிறந்த குற்றத்துக்காகவே, சாக்கிலும் பெட்டியிலும் போகின்றன.

வந்தவர்களை விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்துச் சில கேள்விகள் கேட்டோம். குட்டி இரவில் எங்கே படுக்கும்? வீட்டில் எல்லாருக்கும் சம்மதந்தானா? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் இசைவாரா? ஊசிக்குக் கொண்டுபோவது யார்? வெளியூர் போனால் சோறு வைப்பது யார்? ஒருவர் தமது கடைவாசலில் இரவும் பகலும் சங்கிலியில் கட்டிவைக்கக் கடுவன் கேட்டார். இன்னொருவர் மூன்று வயது மகனின் பிறந்தநாளுக்குப் பரிசாக வேண்டும் என்றார். இருவருக்கும் பணிவோடு இல்லையென்றோம். ஒருவர் மனத்தாங்கலோடுதான் எழுந்து போனார்.

நமது ஊருக்கென்றே ஒரு கேள்வியும் உண்டு. திருகோணமலை துறைமுகப் பட்டினம். கடற்படையினர், கந்தோர் உத்தியோகத்தர், ஆசிரியர் என்று வருவோரும் போவோருமாகவே இருக்கும். இடமாற்றக் கடிதம் வந்த வாரத்தில் கட்டிலும் அலுமாரியும் லொறியில் ஏறும். நாய் படலையில் நிற்கும். ஆகவே, “மாற்றம் வந்தால் நாயை என்ன செய்வீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். இளம் உத்தியோகத்தர் ஒருவர், குட்டியை மடியில் வைத்திருந்தவாறே, நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “ஐயா, நான்கு மாதத்தில் எனக்கு மாற்றம் வரலாம். நான் தங்குவது விடுதியில். நான் எடுப்பது சரியல்ல” என்று கூறிக் குட்டியை இறக்கிவிட்டார். போகும்போது, ஒரு குட்டியின் சத்திரசிகிச்சைச் செலவு தம்முடையது என்று சொல்லிச் சென்றார். எடுத்துச் சென்றவர்களில் எவருக்கும் குறைந்தவர் அல்லர் அவர் என்பது என் எண்ணம்.

நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. நாங்கள் காசு வாங்கவில்லை. இரண்டு வாக்குறுதிகள் வாங்கினோம். ஆறாம் மாதத்தையொட்டி, வைத்தியர் குறிக்கும் நாளில் கருத்தடை செய்விக்க வேண்டும். எக்காரணத்தாலேனும் வளர்க்க முடியாமற் போனால், தெருவில் விடாமல் எங்கள் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருபவரை ஒரு சொல்லும் குறைசொல்ல மாட்டோம்.

இரண்டாவது வாக்குறுதி விரைவிலேயே பயன்பட்டது. கடுவன் இரண்டும், பெட்டை இரண்டும் வீடு சேர்ந்தன. பெட்டைகளில் ஒன்று உப்புவெளியில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் போயிற்று. மற்றதை எடுத்துச் சென்ற குடும்பத்தார் பத்தாம் நாளே திரும்பி வந்தார்கள். வீட்டிலிருந்த முதியவருக்கு இழுப்பு நோய் கூடிவிட்டதாம். அவ்வம்மாள் குற்றவாளியைப் போலப் படலையிலே நின்றாள். “உள்ளே வா, பிள்ளை. சொன்னபடி கொண்டுவந்தாயே, அது போதும்” என்று என் இல்லாள் அவளை அழைத்துத் தேநீர் கொடுத்தாள். இந்த வரவேற்பு இல்லையென்று அவள் அஞ்சியிருந்தால், குட்டி சந்தைக்கே போயிருக்கும். மூன்று வாரத்தின் பின் அதற்கு நிலாவெளியில் ஓர் இடம் கிடைத்தது.

மூன்றாவது பெட்டையை, நேயர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், தோணிக்காரரின் மனைவி எடுத்துக்கொண்டாள். தன் தோணியின் கீழ்ப் பிறந்ததைப் பிறர் கொண்டுபோவது சரியில்லையாம். நான்காவது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பால் வற்றியபின், மாசி மாதத்தில், தாய்க்குச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். இதனைச் செய்யாதிருந்தால், அடுத்த மழைக்கு முன்னரே தோணியின் அடியில் இன்னும் ஏழு குட்டிகள் கிடந்திருக்கும். செய்த வேலையெல்லாம் வீணாகியிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியிலே குட்டிகளைக் கண்டால் தாய் எங்கே என்று முதலில் பாருங்கள். அது உணவு தேடிப் போயிருக்கலாம், அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். குட்டிதானே என்று எண்ணிக் கடியையோ கீறலையோ மறைக்காதீர்கள். உடனே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, பெற்றோரிடம் சொல்லி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சென்ற ஞாயிறு காலை படலையிலே மணியோசை கேட்டது. உப்புவெளித் தாதியார் முச்சக்கர வண்டியில் வந்திருந்தார். மடியிலே, வயிற்றில் தையற் கட்டோடு, அந்தப் பெட்டை. “வாக்குக் கொடுத்தேனல்லவா? காட்டிப்போகலாமென்று வந்தேன்” என்று சொல்லி, வைத்தியரின் அட்டையை நீட்டினார். பிள்ளைகள் கொப்பியை எடுத்துவந்து, அதற்குரிய பக்கத்தைத் தேடித் தேதியை எழுதிக்கொண்டார்கள். இன்னும் நான்கு பக்கங்களில் அத்தேதி எழுதப்பட வேண்டும். அவற்றையும் எழுதுவிக்கும்வரை என் வேலை முடியவில்லை.