யார் சம்பளத்தில் கழிக்கிறீர்கள்?

பீளமேட்டில் என் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்கிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட சொல் 'சும்மா'. "வீட்டுல சும்மாத்தானுங்க இருக்கீங்க, ஒரு குழந்தையப் பாத்துக்கிட்டா கைச்செலவுக்கு ஆச்சுங்களே" என்று யோசனை சொன்னவர்கள் அதைச் சொன்னார்கள். பணம் பேச வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சும்மா இருப்பவளுக்குக் கொடுப்பது சம்பளமாகாது, கைச்செலவுதான். விலையைக் குறைக்க அந்த ஒரு சொல்லே போதும்.

முதலில் வந்த குழந்தைக்கு எட்டு மாதம். அம்மாவுக்கு ஐடி கம்பெனியில் வேலை. காலை எட்டரைக்கு விட்டால் மாலை ஆறரைக்கு வந்து எடுத்துப் போவார். மாதம் 4,000 ரூபாய் என்று பேச்சு. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 260 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 ரூபாய் சொச்சம். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 37 முதல் 39 ரூபாய். பால் காய்ச்சி, கழுவித் துடைத்து, காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டு, தூங்க வைத்து, விழித்திருந்து பார்த்துக்கொள்வதற்கு அதில் பாதிகூட இல்லை.

ஓர் ஆண்டு கழித்து 6,000 கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "ஏனுங்க்கா, என் சம்பளத்துல இவ்வளவு உங்களுக்கே போயிருச்சுன்னா நான் எதுக்குங்க வேலைக்குப் போறது?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் அப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் கேள்வி அந்தக் கணக்கைப் பற்றியதுதான். குழந்தைக்கு அப்பா இருக்கிறார், அவருக்கும் சம்பளம் வருகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை ஏன் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? வீட்டு வாடகையை அப்படிக் கழிப்பதில்லை. கார் தவணையையும் கழிப்பதில்லை. அவையெல்லாம் குடும்பச் செலவு. குழந்தை மட்டும் எப்படி அம்மாவின் தனிச்செலவு ஆனது?

ஏனென்றால் அவர் சம்பளம் அந்த வீட்டில் 'கூடுதல் வருமானம்'. என் சம்பளம் என் வீட்டில் 'கூடுதல் வருமானம்'. இரண்டு கூடுதல்களும் வாசற்படியில் நின்று ஆயிரம், இரண்டாயிரத்துக்குப் பேரம் பேசுகின்றன. இரண்டு வீட்டு 'முதன்மை' வருமானங்களும் அந்தப் பேச்சுக்கே வருவதில்லை. நான் பேராசைக்காரி என்று அவர் நினைக்கிறார், அவர் கஞ்சம் என்று நான் நினைக்கிறேன். இருவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களை இருவருமே மறந்துவிடுகிறோம்.

அவர்கள் யார் என்று பார்ப்போம். முதலில் வீட்டு ஆண்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலை பக்கமே வராத ஆண்கள் இந்த 97இல் சேர்த்தி இல்லை.

அடுத்து முதலாளிகள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது. அந்தப் பெண்ணின் கம்பெனியில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். காப்பகம் இல்லை. அவர்கள் மிச்சப்படுத்தும் பணம் அவர் சம்பளத்திலிருந்தும் என் உழைப்பிலிருந்தும்தான் போகிறது.

மூன்றாவது, அரசு. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகள் வந்தன, நல்லது. ஆனால் எட்டு மாதக் குழந்தையை மாலை ஆறரை வரை அங்கே விட முடியாது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் தருவது சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2022 வரை, 47 ஆண்டுகள் ஆயின. அரசே இந்த வேலையைச் சேவை என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டார் 'சும்மா' என்று சொல்வதில் என்ன வியப்பு?

அதே 1975 அக்டோபர் மாதம், 24ஆம் தேதி, ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டுப் பெண்கள் ஒருநாள் எல்லா வேலையையும் நிறுத்தினார்கள். அலுவலகம், சமையல், பிள்ளை பார்ப்பது எல்லாம் நின்றது. அப்பாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மறு ஆண்டே அங்கே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. எந்த வேலை நின்றால் ஊரே நிற்குமோ, அந்த வேலைக்குத்தான் நாம் 'சும்மா' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"பாசத்துக்கு விலை பேசலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாசம் இருக்கிறது, அதற்கு நான் பணம் கேட்கவில்லை. 260 மணி நேரத்துக்குக் கேட்கிறேன். மருத்துவர் அன்பாகப் பேசினார் என்று யாரும் ஃபீஸைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், மணிக்கணக்கில் பேசுங்கள். நேரம், வார விடுமுறை, தாமதமானால் கூடுதல் தொகை, காய்ச்சல் அன்று என்ன செய்வது, எந்த மருந்து எவ்வளவு கொடுக்கலாம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மா, அப்பா இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்பாவையும் பேச வரச் சொல்லுங்கள். உங்களால் எத்தனை குழந்தைகளைப் பார்க்க முடியும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் சொல்கிறேன். என்னிடம் 500 ரூபாய் குறைத்து நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. அந்தத் தொகையைக் கணவரின் சம்பளத்திலும் சரிபாதி கழியுங்கள். உங்கள் கம்பெனியிடம் காப்பகம் எங்கே என்று கூட்டமாகப் போய்க் கேளுங்கள். கேட்கப் போகும் நாளில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். அன்றைக்கு நான் விடுமுறை எடுத்துக்கொள்கிறேன்.