பத்துமலை வௌவால்களும் நம் ரோஷமும்

பெக்கோக்கில் டுரியான் சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோற்றுப் பானைக்கு வேலை குறைவு. பழத்துக்கு நன்றி சொல்வதென்றால் முதலில் வௌவாலுக்குத்தான் சொல்ல வேண்டும். டுரியான் பூ சாயங்காலம் விரியும், விடிவதற்குள் உதிரத் தொடங்கும். அந்த ஒரு ராத்திரியில் மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு குகைகளில் வாழும் தேன் வௌவாலுக்கு.

டுரியான் வருஷம் முழுக்கப் பூக்காது. மற்ற நாள்களில் வௌவால் என்ன சாப்பிடும்? பத்துமலை வௌவால்களை ஆராய்ந்த ஸ்டார்ட், மார்ஷல் இருவரும் 1976-இல் பதில் எழுதினார்கள்: கடலோர அலையாத்திப் பூக்களைத் தேடி அவை 38 கிலோமீட்டர் வரை பறக்கின்றன. அலையாத்தி அழிந்தாலும் சரி, குகை கெட்டாலும் சரி, அடி விழுவது டுரியானுக்கும் சேர்த்துத்தான்.

பத்துமலை வௌவால் பெக்கோக் வரைக்கும் வராது, தெரியும். ஆனால் தைப்பூசத்துக்கு நாங்கள் பஸ் பிடித்து அங்கே போகிறோமே. போலிஸ்டிரின் பெட்டியில் சாப்பாடு, ஸ்பீக்கர், ராத்திரி முழுக்க விளக்கு. படியேறும்போது இடப்பக்கம் இருக்கும் இருட்டுக் குகையை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்போம்? பத்துமலையின் பெயரையே தாங்கிய 'லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ்' என்ற பொறிக்கதவுச் சிலந்தி அங்கேதான் இருக்கிறது. வௌவால் எச்சத்தை நம்பி ஒரு பூச்சிக் கூட்டமே உள்ளே வாழ்கிறது. 2019-இல் அந்தக் குகை பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. நம்மில் பலருக்கு அதுகூடத் தெரியாது.

2012-இல் மலையடியில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்றதும் ரோஷமாகக் கிளம்பினோம், சரிதான். 2018-இல் 272 படிகளுக்கு வண்ணம் அடித்தபோது அனுமதி வாங்கினீர்களா என்று தேசிய மரபுடைமைத் துறை கேட்டது. அப்போது நாம் என்ன செய்தோம்? படியில் நின்று செல்ஃபி எடுத்தோம். நானும் எடுத்தேன்.

இதைச் சொன்னால் என் மாமா கோபப்படுவார். "நம்ம கோயில நாமளே குத்தம் சொன்னா மத்தவன் சிரிக்க மாட்டானா?" சிறுபான்மையாக வாழ்கிறவரின் பயம் அது, அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் மாமா, மலை நம்முடையது என்றால் அதன் குப்பையும் நம்முடையதுதானே? வெளியாள் வந்து கெடுத்தால் மட்டும்தான் கெடுதலா?

நான் என்ஜினியர். படி, லிஃப்ட், விளக்கு எல்லாம் போட்டுத் தர ஆள் கிடைக்கும். கெட்டுப்போன குகையின் ஈரத்தையும் இருட்டையும் திரும்பக் கொண்டுவரும் வேலையை இதுவரை எந்த டெண்டரிலும் பார்த்ததில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு எங்கள் பஸ்ஸில் போலிஸ்டிரினும் ஸ்பீக்கரும் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.