இ-பாஸும் ரூம் பாயும்

செமஸ்டர் முடிஞ்சா ஊட்டி, இல்லன்னா கொடைக்கானல். இந்தப் பிளான் ஓடாத கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் உண்டா? இப்போ அதோட இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "மச்சி, இ-பாஸ் போட்டாச்சா?"

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த இரண்டு மலைகளுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. மறுநாளே நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் முன்வைத்த காரணங்களில் ஒன்று: வாழ்வாதாரம்.

அது பொய்யான கவலை இல்லை. ஒரு வண்டி மலை ஏறாமல் போனால் ரூம் மட்டுமா காலியாகிறது? டீக்கடை, வர்க்கி விற்கும் கடை, டாக்ஸி டிரைவர், ஹோட்டலில் பெட்ஷீட் மாற்றுகிற ரூம் பாய் எல்லோருக்கும் அடி விழுகிறது.

ஆனால் நம்ம கேள்வி இதுதான். அரசோடு சண்டை போடும்போது தொழிலாளியின் பெயரைச் சொல்கிறோம். கோரிக்கைப் பட்டியலில் அந்தத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது?

"வேலைக்கு ஆள் கிடைக்கலை" என்பது ஹோட்டல் முதலாளிகளின் நிரந்தரப் புலம்பல். ஏன் கிடைக்கலை? ஏப்ரல், மே வந்தால் ஆள் எடுப்பது, ஜூனில் மழை தொடங்கியதும் அனுப்பிவிடுவது. செப்டம்பரில் செகண்ட் சீசன் வந்தால் திரும்பக் கூப்பிடுவது. சீசனில் லீவு கிடையாது. காலையும் ராத்திரியும் பிரித்துப் போடும் பிரேக் டியூட்டி வேறு. சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. இஎஸ்ஐக்கு 10 பேர், பிஎஃபுக்கு 20 பேர் வேலை செய்ய வேண்டும். ஆறு பேரை வைத்து நடத்தும் காட்டேஜ் இரண்டுக்குள்ளும் வராது. இப்படிப்பட்ட வேலையை நம்பி யார் கல்யாணம் பண்ணுவார், யார் பிள்ளையைப் படிக்க வைப்பார்?

எலெக்ட்ரிக்கல் பசங்களுக்கு இது சட்டென்று புரியும். இது லோடு கர்வ் பிரச்சினை. பீக் லோடு எகிறி, மற்ற நேரம் சிஸ்டம் சும்மா கிடந்தால் லோடு ஃபேக்டர் படுத்துவிடும். நம்ம மலைச் சுற்றுலா அப்படித்தான் ஓடுகிறது. பீக்குக்காக எடுத்த ஆளை மற்ற நாளில் வைத்துக்கொள்ள முடியாது.

அப்படிப் பார்த்தால் வரம்பு என்பது தொழிலாளிக்கு எதிரி ஆக வேண்டியதில்லை. சனிக்கிழமை இடம் கிடைக்காதவர் செவ்வாய்க்கிழமை வந்தால், மே மாதம் வர முடியாதவர் ஆகஸ்ட்டில் வந்தால், ரூம் பாய்க்கு வருஷம் முழுக்க வேலை. ஆனால் இது தானாக நடக்காது. மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் வண்டியை நிறுத்த இடமும், அங்கிருந்து அடிக்கடி பஸ்ஸும் வேண்டும். சீசன் இல்லாத மாதங்களுக்கு ரேட்டும் நிகழ்ச்சிகளும் வேண்டும். சங்கங்கள் அரசிடம் போராடிக் கேட்க வேண்டியது இவற்றைத்தான். "இ-பாஸை ரத்து செய்" என்பது மட்டும் கோரிக்கையானால், பழைய இரண்டு மாத வேலைதான் திரும்பி வரும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. உள்ளீட்டு வரி வரவு இல்லையே என்று ஹோட்டல்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அரசு சலுகை தரும்போது ஒரு நிபந்தனை போடலாமே: இத்தனை பேருக்கு வருஷம் முழுக்க வேலை, சின்ன காட்டேஜ் என்றாலும் இஎஸ்ஐ, தங்க மனுஷன் தூங்கக்கூடிய ஒரு அறை.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த டூரை வார நாளில் போடுங்கள், அரசு பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கு இ-பாஸும் தேவையில்லை.