அந்த எட்டு மாதத் தடை



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எந்த உணவகத்தில் பூப்பந்துப் பேச்சு எழுந்தாலும் டத்தோ லீ சோங் வெய்யின் பெயர் வராமல் முடியாது. பஞ்ச் குணாளன் ஆடிய காலத்திலிருந்தே அது நம் வீட்டு விளையாட்டு அல்லவா! ஆனால் பேச்சு சூடேறும்போது யாராவது ஒருவர், "என்ன இருந்தாலும் ஊக்கமருந்தில் மாட்டியவர்தானே" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிடுகிறார். அவர் ஓய்வுபெற்றது 2019இல். அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நடந்தது என்ன? 2014 ஆகஸ்ட் கடைசியில் கோப்பன்ஹேகனில் உலக வெற்றியாளர் போட்டி. அங்கே எடுத்த அவருடைய சிறுநீர் மாதிரியில் டெக்சாமெத்தாசோன் இருந்தது. தேசிய விளையாட்டாளர் ஒருவர் என்று மட்டும் முதலில் செய்தி கசிந்தது. பெயர் சொல்லப்படாத அந்த நாட்களில் நாடே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது. நவம்பரில் ஓஸ்லோவில் இரண்டாவது மாதிரியைச் சோதித்தார்கள். அதிலும் அதே முடிவு. உலகப் பூப்பந்து சம்மேளனம் அவரை இடைநீக்கம் செய்தது.

டெக்சாமெத்தாசோன் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. கோவிட் காலத்தில் மூச்சுத் திணறிய நோயாளிகளுக்குக் கொடுத்ததும் இதைத்தான். தசையை ஊதிப் பெருக்கும் ரகம் வேறு, இது வேறு. விளையாட்டாளர்களுக்குப் போட்டி நேரத்தில்தான் இதற்குத் தடை. மற்ற நாட்களில் காயத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அவருடைய தொடைக் காயத்துக்குச் செய்த சிகிச்சை மேல்தான் சந்தேகம் போனது.

2015 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் சம்மேளனத்தின் மூவர் குழு விசாரித்தது. லீ கோர்டிசெப்ஸ் சாப்பிட்டு வந்தவர். நம் ஊர்ச் சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் பூஞ்சை வகைதான் அது. கேப்சூலில் அடைத்த பொடியை விழுங்குவார். பொடியை மூடியிருந்த அந்த ஜெலட்டின் கூட்டில்தான் டெக்சாமெத்தாசோன் இருந்தது என்பதைக் குழு ஏற்றுக்கொண்டது. இரண்டு விரலால் இழுத்தால் பிரிந்து வந்துவிடும் மெல்லிய கூடு. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்போம். அந்தக் கூடே எதனால் ஆனது என்று யார் பார்க்கிறோம்?

ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை என்று குழு தெளிவாகவே சொன்னது. ஆனால் உடம்புக்குள் போவதற்கெல்லாம் விளையாட்டாளரே பொறுப்பு என்பது விதி. இரண்டு ஆண்டு வரை போயிருக்கக்கூடிய தடை, கவனக்குறைவுக்காக எட்டு மாதத்தோடு நின்றது. முன்தேதியிட்ட அந்தத் தடை 2015 மே தொடக்கத்தில் முடிந்தது. கோப்பன்ஹேகன் வெள்ளிப் பதக்கம் பறிபோனது. இந்தத் தீர்ப்பில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. கவனக்குறைவுக்கு உண்டான விலையை அவர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவரைத் திருடன் என்பது அநியாயம்.

திரும்பி வந்தவர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். அதே ஆண்டு ஜகார்த்தாவில் தரவரிசைச் சலுகை எதுவும் இல்லாமல் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்தார். ஆண்டு முடிவதற்குள் பிரெஞ்சு, சீன, ஹாங்காங் பட்டங்கள் மூன்றையும் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் எதிரே சீனாவின் லின் டான். முதல் செட் போய்விட்டது. இரண்டாவதை 21-11 என்று பிடித்தார். மூன்றாவதில் 20-20. நம் மக்கள் தொலைக்காட்சி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 22-20! அப்போது அவருக்கு வயது 33.

இதே விஷயத்தில் என் மனதை அறுக்கும் இன்னொன்றும் உண்டு. அதே 2014 செப்டம்பரில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வூஷு தங்கம் வென்ற நம் தாய் சியாவ் சுவென், சோதனையில் சிபுட்ராமின் தெரிந்ததால் பதக்கத்தை இழந்தார். அது உடல் எடையைக் குறைக்கும் மருந்து. இளைப்பதற்கு என்று விற்கும் பொருட்களில் சொல்லாமல் கலக்கப்படுவதாகப் பல நாடுகள் எச்சரித்த ஒன்று. மேல்முறையீடும் சில நாட்களிலேயே தள்ளுபடியானது. அவர் வழக்கை நான் இங்கே திரும்ப விசாரிக்கவில்லை. ஆனால் லீக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது, தேர்ந்த வழக்கறிஞர் இருந்தார், பூப்பந்துச் சங்கமும் விளையாட்டு அமைச்சும் பின்னால் நின்றன. கேப்சூல் கூடு வரைக்கும் தேடிப் போய் ஆதாரம் காட்ட முடிந்தது. கிள்ளானில் அப்பா லாரி ஓட்டும் வீட்டிலிருந்து மாநில அணிக்கு ஓடும் ஒரு பெண்ணுக்கு இதில் எது கிடைக்கும்?

நம் பிள்ளைகள் பலர் இப்போது பள்ளி, மாநில அளவில் ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள். உடம்பு தேறட்டும் என்று கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையில் லேகியமும் கேப்சூலும் வாங்கிக் கொடுக்கிறோம். ஜிம்மில் நண்பன் தரும் புரோட்டீன் பொடிக்கும் வேண்டாம் என்பதில்லை. பெற்றோரே, பிள்ளை மாநில அணிக்குள் போய்விட்டால் அணி மருத்துவரிடம் காட்டாமல் எதையும் கொடுக்காதீர்கள். வாங்கியதன் ரசீதை வையுங்கள். தீர்ந்த டப்பாவையும், அதில் நாலைந்து மாத்திரையையும் தேதி எழுதி எடுத்து வையுங்கள். சோதனை மாதிரிகளைப் பத்து ஆண்டு வரை வைத்திருந்து மறுபடி சோதிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளுக்கு விதி இடம் தருகிறது. நம் கையிலும் ஏதாவது இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்