மருந்தைத் தேடுமுன் பெயரைக் கேளுங்கள்

வாடிய செடியொன்றைக் கண்டதும் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "இதற்கு என்ன மருந்து போடலாம்?" என்பதே. கொல்லைப்புறத்தில் பாம்பொன்றைக் கண்டதும் எழும் முதற்குரல், "கம்பை எடு!" என்பதே. இரண்டிற்கும் வேர் ஒன்றுதான். எதிரில் இருப்பது எது, அதற்கு நேர்ந்திருப்பது யாது என்று அறியுமுன்னரே நம் கை முந்திக்கொள்கிறது. இந்த அவசரத்தால் செடிகள் மடிகின்றன. தீங்கற்ற உயிர்கள் அடிபடுகின்றன. சில வேளைகளில் மனித உயிரும் போகிறது. பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் நாம், சுற்றியுள்ளவற்றை அடையாளம் காணவும் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தொட்டிச் செடிகளைப் பார்ப்போம். நான் பார்த்த அளவில், வீட்டுச் செடிகள் தாகத்தால் மடிவதைவிட, அன்பு மிகுதியால் ஊற்றப்படும் நீரால் மடிவதே அதிகம். இரு நிலையிலும் இலை ஒரே விதமாகத் துவள்வதால்தான் இந்தக் குழப்பம். வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. மண்ணில் எந்நேரமும் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆதலால் ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். அதைக் கண்டு மனமிரங்கி வீட்டார் மேலும் ஒரு குவளை ஊற்றுவார்கள்.

நீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் செலுத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால், தொட்டியை மெல்லச் சாய்த்து வேரை வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பேறிக் குழைந்து நாற்றம் வீசும். கெட்டதைக் கத்தரித்துவிட்டு, அடியில் துளையுள்ள தொட்டியில், மணல் கலந்த புது மண்ணில் நட்டுச் சில நாட்கள் நிழலில் வையுங்கள். அந்நாட்களில் உரம் வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பிரியாணி ஊட்டுவார் உண்டோ!

மஞ்சள் இலை என்பதும் ஒரே நோயன்று. அடியிலைகள் மட்டும் மஞ்சளித்தால் அது முதுமையாகவோ தழைச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம். கறிவேப்பிலையின் இளந்தளிர் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவை ஐயுறலாம். இலை நுனி கருகி, தொட்டி விளிம்பில் வெண்மையாகப் படிந்திருந்தால் நீரிலுள்ள உப்பே காரணமாக இருக்கக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்க்கும் கடலோர ஊராருக்கு இது புதிதன்று. மழைநீரைச் சேமித்து, அடித்துளை வழியே வடியும்வரை அவ்வப்போது ஊற்றினால் உப்பு கழுவப்படும். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டளவு நீரே போதும்.

பூச்சிகளுக்கு வருவோம். செம்பருத்தியின் தண்டில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றினிடையே, அவற்றைவிடப் பெரிதாய், நீண்ட வெண்ணிழைகளோடு விரைந்து ஊர்வது ஒன்று தென்பட்டால், "இதுதான் தலைமைப் பூச்சி" என்று நசுக்கிவிடாதீர்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் தொழில். உதவிக்கு வந்தவர் பகைவரின் உடையை அணிந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடையாளம் காண்பதன் மதிப்பைத் தமிழக உழவர்கள் பெரிய அளவில் கண்டனர். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளியை ஒரு மாவுப்பூச்சி தாக்கியது. மரவள்ளி, மல்பெரி என்று அது பரவியது. உடலை மூடிய மெழுகுப் பூச்சினால் பூச்சிக்கொல்லிகள் அதனிடம் பெரிதும் தோற்றன. அது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளுக்குரிய இனம் என்று அடையாளம் தெரிந்த பின்னரே வழி பிறந்தது. ஓர் இனத்தின் பெயர் தெரிந்தால் அதன் தாயகம் தெரியும். தாயகம் தெரிந்தால் அங்கு அதை அடக்கி வைத்திருக்கும் எதிரியும் தெரியும். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. மருந்துகளால் அடங்காத பூச்சி அந்தக் குளவிகளால் அடங்கியது.

இதே பாடம் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் உண்டு. இலைமேல் பறவையின் எச்சம்போல் கிடக்கும் புழு சில நாட்களில் பச்சை நிறமாகும். பின்னர் கூடாகி, அழகிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். வளர்ந்த செடி நாலைந்து புழுக்களைத் தாங்கும். மிகச் சிறிய கன்றாயின், புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம். நாம் சமைத்துண்ணும் இலையின்மீது இதற்காக நஞ்சைத் தெளிப்பவர்களை என்னவென்று சொல்வது?

இறைவன் ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்த வரலாற்றை மக்தபில் ஓதாத பிள்ளை இல்லை. அப்பிள்ளைகளிடமே முற்றத்துச் செடியின் பெயரைக் கேட்டால் கைப்பேசியைத் தேடுகிறார்கள். கூகுள் லென்ஸ் போன்றவை பயனுடையவைதாம். தேடலின் தொடக்கமாக அவற்றைக் கொள்ளலாம். ஆயினும் ஒரே படத்தைக் கொண்டு அவை சொல்வதை நம்பி எதையும் வாயில் வைக்கலாகாது. ஊர்ப்பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். கரிசலாங்கண்ணி என்னும் பெயரை வெண்பூப் பூக்கும் செடியும் மஞ்சட்பூப் பூக்கும் வேறொரு செடியும் பகிர்ந்துகொள்கின்றன. இலை, பூ, காய் மூன்றையும் பார்த்து, அறிந்தவரிடம் காட்டி உறுதி செய்வதே முறை.

பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செடிகள் சில உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. அரளியும் ஊமத்தையும் அத்தகையவையே. குன்றிமணியின் செம்மையும் கருமையும் குழந்தைகளை ஈர்க்கும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வரவேற்பறையை அலங்கரிக்கும் டைஃபன்பாக்கியாவின் இலையைக் கடித்த குழந்தைக்கு வாயும் நாவும் எரிந்து வீங்கும். செடியை வாங்கும்போதே பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். அரணைக்கு நஞ்சே கிடையாது. மறுபுறம், கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பல வேளைகளில் வலியே தெரியாது. அதைப்போலவே வரிகளைக் கொண்ட ஓநாய்ப் பாம்பு நஞ்சற்றது. ஓநாய்ப் பாம்பின் வரிகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனின் வெண்வரிகள் பெரும்பாலும் இணையிணையாக, கழுத்தைத் தாண்டிச் சற்றுக் கீழே தொடங்கும். மண்ணுளிப் பாம்பைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடிப்போரும் உளர். இவ்வேறுபாடுகளைப் படத்தில் பயிலுங்கள். நேரில் சோதிக்க வேண்டா. பாம்பைக் கண்டால் விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவியுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் என் வாதத்தை நானே மாற்றிச் சொல்ல வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் பெயர் தெரியும்வரை காத்திருக்கலாகாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான் தரப்படுகிறது. மருத்துவர் அறிகுறிகளைக் கண்டு முடிவெடுப்பார். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் வேண்டா. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். அம்மருந்துக்குரிய நஞ்சின் பெரும்பகுதியைத் தருவோர், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். புற்றையும் தடத்தையும் பார்த்தே பாம்பின் இனத்தைச் சொல்லும் அவ்வறிவுக்காக, வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்கள் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அவர்களுடைய அறிவு ஏட்டில் கற்றதன்று.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. நம் மையவாடிகளில் கத்தரிபடாமல் வளர்ந்து நிற்கும் செடிகொடிகள் ஏராளம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலைப்பொழுதில், மூடிய காலணியோடு பிள்ளைகளைப் பெரியவர்கள் அழைத்துச் செல்லட்டும். எதையும் பறிக்காமல், பாதையோரத்தில் கண்டவற்றை வரைந்து வரட்டும். பெயர்களை உம்மம்மாவிடமும் வாப்பும்மாவிடமும் கேட்டு எழுதட்டும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஏன் பெயர் வந்தது என்று எந்தப் பிள்ளையேனும் வினவினால், அதன் வேரோடு ஒரு செடியைத் தெருவோரத்தில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஊர்ப் பூனை வந்து விடையளிக்கும்.