கிடங்கிலும் எடை போடுங்கள்



ரேஷன் கடையில் மெஷின் வந்தபோது பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. 2017-ல் ஸ்மார்ட் கார்டு, 2020 அக்டோபரில் கைரேகை. 2025-ல் எடைத் தராசையும் புளூடூத்தில் அதோடு இணைத்தார்கள். தராசு காட்டுவதுதான் பில்லில் ஏறும். நல்லதுதான்.

ஆனால் கணக்கு வாத்தியாருக்கு ஒரு சந்தேகம். கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டை உண்மையில் எத்தனை கிலோ? மூட்டை குறைவாக வருகிறது, எடை போட்டுத் தாருங்கள் என்று ரேஷன் ஊழியர் சங்கங்கள் பல வருடமாகக் கேட்கின்றன. கடைக்காரர் கொடுக்கும்போது கிராம் கணக்கு, வாங்கும்போது மூட்டைக் கணக்கு! மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் 100 மூட்டைக்கு 100 கிலோ. 20 கிலோ அரிசி வாங்கும் ஐந்து கார்டு. அந்த ஐந்து வீட்டுக்கு யார் பதில் சொல்வது? லாரியில் ஏற்றும்போதே, அதே போன்ற கைமெஷினில், மூட்டை மூட்டையாக எடை பதியட்டும்.

நம் கல்வராயன் மலைக்கு இன்னொன்றும் வேண்டும். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் உள்ளே போனால் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் இல்லாத நேரம் கார்டை ஸ்கேன் செய்து பொருளைக் கொடுத்துவிட்டு, பதிவைப் பிறகு அனுப்பும்படி மெஷின் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்து வந்த பாட்டியிடம் “சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க” என்று சொல்லக் கூடாது.

சென்னையிலும் பெங்களூரிலும் குடோன் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பிள்ளைகளே, இதற்கு என்ன செலவாகும்? கீழே எழுதுங்கள். மனுவில் சேர்க்கிறேன்.