பெருநாள் படகும் பலகைக்கடியில் கிடந்த லைஃப் ஜக்கட்டும்



பெருநாள் விடுமுறை வருகிறது. வேன் பிடித்து நுவரெலியா போக எல்லோருக்கும் வசதி இல்லை. இந்த முறையும் நம்மில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குத்தான் போவோம், படகில் ஏறுவோம். அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

படகில் போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அல்லாஹ் நமக்கு ஒரு வாவியைத் தந்திருக்கிறான். கேரளாவின் ஆலப்புழையில், ஒரு காலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களில் ஓர் இரவு தங்குவதற்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள். நமக்கோ ஆட்டோவில் போகிற தூரம். கண்டல் மரங்களையும், கொக்குகளையும், 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தையும் நம் பிள்ளைகள் தண்ணீரிலிருந்து பார்க்கத்தான் வேண்டும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் நாங்களும் போனோம். பெரியவர்கள் பதினொரு பேர், பிள்ளைகள் ஐந்து. படகின் பக்கத்தில் 10 பேர் என்று எழுதியிருந்தது. "சின்னப் பிள்ளைகள்தானே டீச்சர், மடியில வைங்க" என்றார் படகோட்டி. லைஃப் ஜக்கட் ஆறுதான் இருந்தது, அதுவும் உட்காரும் பலகைக்கடியில். எடுக்கப் போனேன். "இது நம்மட ஆறுதானே மகள், கடலா?" என்றார் உம்மா. "அபாயாக்கு மேல போட்டா போட்டோ நல்லா வராது" என்றார் மச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஜக்கட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாடசாலைச் சுற்றுலாவில் பஸ் கிளம்பும் முன் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணுகிற நான், என் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பெருநாள் சந்தோசத்தை ஏன் கெடுப்பான் என்றுதான்.

நடு வாவியில் பறவைக் கூட்டம் ஒன்று எழும்பியது. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழும்பினார்கள். படகு சரிந்து, தண்ணீர் உள்ளே ஏறி மகளின் சட்டை நனைந்தது. படகோட்டி சத்தம் போட, எல்லோரும் உட்கார்ந்தார்கள். பத்து விநாடிகூட இருக்காது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. கரைக்கு வந்ததும் அதையே ஒரு பகிடியாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். படகு கவிழ்ந்திருந்தால் யாரைப் பிடித்திருப்பேன்? எனக்கே நீந்தத் தெரியாதே!

இது வெறும் பயம் இல்லை. 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணியை நாம் மறந்திருக்க முடியாது. பாலம் கட்டும் வேலை நடந்ததால் மிதவைப் பாதையில் போன சனம். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மையித்தாக வீடு வந்தார்கள். அவர்களுக்காவது வேறு வழி இல்லை என்றிருந்தது. 2023 மே 7, கேரளாவின் மலப்புறம் மாவட்டம் தானூர். பெருநாள் முடிந்து இரண்டு கிழமை. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு, அளவுக்கு மேல் ஆட்கள், இருட்டுகிற நேரம். 22 பேர் மௌத்தானார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். நம்மைப் போலவே, நம் வாவி போன்ற ஒரு நீரில், விடுமுறைக்குப் போனவர்கள்.

"நம்மட ஆறு ஆழமில்லை" என்பார்கள். அடியில் சேறு, காலை ஊன்றி நிற்க முடியாது. நனைந்த அபாயாவும் சேலையும் காலைச் சுற்றிக்கொள்ளும். அதனால் அபாயா போட்டவருக்குத்தான் ஜக்கட் மற்றவரை விட அவசியம். "அல்லாஹ் காப்பாத்துவான்" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது.

படகோட்டியை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இறங்கும்போது கேட்டேன். "நான் பத்துப் பேரைத்தான் ஏத்துவன் எண்டா, நீங்க அடுத்த படகுக்குப் போயிடுவீங்க டீச்சர். ஜக்கட் குடுத்தா யாரு போடுறாங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஹெல்மட்டை நாம் பொலிஸுக்குப் பயந்துதான் போடுகிறோம். வாவியில் பொலிஸ் நிற்பதில்லை. அங்கே நம் பிள்ளைகளுக்கு நாம்தான் பொலிஸ்.

அதனால் இந்தப் பெருநாளுக்கு என் வீட்டில் முடிவு எடுத்துவிட்டோம். எத்தனை பேர் ஏறலாம் என்று முதலில் கேட்போம். மடியில் இருக்கும் பிள்ளையும் ஒரு தலைதான். கூடினால் இரண்டு தடவையாகப் போவோம், காசு கூடப் போனாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் அளவுக்கு ஜக்கட் இருக்கிறதா என்று பார்த்து, கரையிலேயே போட்டு வாரைக் கட்டிய பிறகுதான் படகில் கால் வைப்போம். பெரிய ஆளின் ஜக்கட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழன்று மேலே போய்விடும். ஓடும் படகில் யாரும் எழும்புவதில்லை. மஃரிபுக்கு முன் கரை. இதில் ஒன்று இல்லை என்றாலும் திரும்பி வந்து கரையில் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம்.

பத்துக் குடும்பம் இப்படிக் கேட்டால், பதினோராவது குடும்பம் வரும்போது ஜக்கட் பலகைக்கடியில் கிடக்காது, கையில் இருக்கும்.

உம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ஒண்டு கேட்டு வை மகள்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இன்றே பேசி வையுங்கள். படகில் ஏறிய பிறகு பேச வெட்கம் வந்துவிடும். எனக்கு வந்தது.

வஸ்ஸலாம்.